இருபது ஆண்டுப் படபடப்பு: அந்தமானில் அதிர்ச்சியும் உடல்நலமும்

பெரிய துயரம் ஒன்றைக் கடந்து வந்தவரிடம் நாம் வழக்கமாகச் சொல்வது, "நடந்தது நடந்துபோச்சு, அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதீங்க" என்பதுதான். அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் நினைப்பை நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவர் எதையும் நினைக்காமல் சமைத்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு படபடக்கலாம். நிம்மதியாகப் படுத்த இரவில் மூன்று மணிக்கு வியர்த்து விழிக்கலாம். இரத்த அழுத்தம் ஏறலாம், வயிறு கெடலாம், காரணம் தெரியாமல் உடம்பெல்லாம் வலிக்கலாம். பழைய அதிர்ச்சி மனசில் மட்டும் தங்குவதில்லை, உடம்பின் அன்றாட வேலைகளையும் மாற்றிவிடுகிறது என்பதை இன்றைய மருத்துவம் ஏற்றுக்கொள்கிறது.

இது எப்படி நடக்கிறது, யாருக்கு அதிகமாக நடக்கிறது, எதனால் குறைகிறது என்பதைப் புரிந்துகொள்ள அந்தமான் நிகோபார் தீவுகளைவிடத் தெளிவான இடம் நம் பக்கத்தில் இல்லை.

அந்தக் காலையில் நடந்தது

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை ஆறரை மணி ஆகும் வேளையில் சுமத்ரா தீவின் மேற்குக் கரையோரம் 9.1 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அங்கே தொடங்கிய பிளவு வடக்கு நோக்கி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கிழிந்து, நிகோபார், அந்தமான் தீவுகளின் அடிவழியாகவே போனது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் சேதம் செய்தது அலை மட்டும்தான். தீவுகளில் முதலில் தரை ஆடியது, பிறகு கடல் ஏறியது, கடைசியில் நிலமே தாழ்ந்தது. கிரேட் நிகோபாரின் தெற்கு முனையான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் கீழிறங்கி, அங்கிருந்த கலங்கரை விளக்கம் கடல்நீருக்குள் நின்றது. டிரிங்கெட் தீவு துண்டுபட்டது. கார் நிகோபாரில் விமானப்படைக் குடியிருப்பை அலை வாரிக்கொண்டு போனது. இறந்தவர்கள், காணாமற்போனவர்கள் என்று அரசு கணக்கில் வந்தவர்கள் மட்டும் 3,500 பேருக்கு மேல்.

அதோடு முடியவில்லை. அதே பிளவை ஒட்டிப் பின்னதிர்வுகள் மாதக்கணக்கில் தொடர்ந்தன. நாகப்பட்டினத்தில் உயிர் தப்பியவருக்கு அந்த ஆபத்து கடந்துபோன ஒன்று. தீவுகளில் தப்பியவருக்கோ தரை ஆடும் ஒவ்வொரு முறையும் அது திரும்பி வந்துகொண்டிருந்தது. நாட்டிலேயே நிலநடுக்க அபாயம் மிகுந்த பகுதிகளில் ஒன்று இந்தத் தீவுக்கூட்டம். சின்ன அதிர்வுகள் அங்கே இன்றும் வழக்கம். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் பூமி குலுங்கியபோது சுனாமி எச்சரிக்கை விடப்பட்டது. பெரிய அலை வரவில்லை. ஆனால் 2004-ஐப் பார்த்தவரின் உடம்புக்கு அந்தப் பிற்பகல் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உடம்பு என்ன செய்கிறது

ஆபத்து வந்ததும் மூளையின் ஆழத்தில் பாதாம் பருப்பு அளவில் இருக்கும் அமிக்டலா என்ற பகுதி முதலில் விழித்துக்கொள்கிறது. நாம் யோசித்து முடிப்பதற்குள் அது செய்தி அனுப்பிவிடும். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, கைகால்களுக்கு இரத்தம் பாய்கிறது, செரிமானம் நிற்கிறது. சற்று நேரத்தில் கார்ட்டிசால் என்ற இயக்குநீர் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி, ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ எரிபொருள் தருகிறது. அலையைக் கண்டு மேட்டுக்கு ஓடியவர்களைக் காப்பாற்றியது இந்த ஏற்பாடுதான்.

ஆபத்து நீங்கியதும் இவை எல்லாம் தணிய வேண்டும். பெரும்பாலோருக்கு நாட்களிலோ வாரங்களிலோ தணிந்தும் விடுகிறது. சிலருக்கு மட்டும் தணிவதில்லை. தொட்டி நிரம்பிய பிறகும் அணைக்காமல் விட்ட மோட்டார் போல அது ஓடிக்கொண்டே இருக்கிறது. அமிக்டலா சின்னச் சத்தத்துக்கும் பதறுகிறது. "இது லாரி போகிற அதிர்வு, நிலநடுக்கம் இல்லை" என்று சொல்லி அதை அடக்க வேண்டிய நெற்றிப்புற மூளை சோர்ந்துவிடுகிறது. எது அன்று நடந்தது, எது இன்று நடக்கிறது என்று காலத்தைப் பிரித்து வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி சரியாக வேலை செய்வதில்லை. அதனால்தான் பழைய சம்பவம் அவருக்கு ஞாபகமாக வருவதில்லை. இப்போதே நடப்பதுபோல வருகிறது.

இந்த நிலை வருடக்கணக்கில் நீடித்தால் உடம்பு தேய்கிறது. அமெரிக்க நரம்பியல் அறிஞர் புரூஸ் மெக்யூவன் 1990களில் இந்தத் தேய்மானத்தை ஆராய்ந்து ஒரு கோட்பாடாக முன்வைத்தார். இரத்த நாளங்கள் ஓயாத அழுத்தத்தில் இருக்கின்றன, சர்க்கரைக் கட்டுப்பாடு குலைகிறது, உடம்பில் மெல்லிய அழற்சி தொடர்கிறது, தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டால் மற்ற மூன்றும் இன்னும் மோசமாகின்றன. இதற்கு மேல், படபடப்பை அடக்க ஒருவர் மதுவையோ புகையிலையையோ நாடினால் அவற்றின் நோய்களும் வந்து சேர்கின்றன.

மருத்துவமனையில் இது எப்படித் தெரிகிறது

ஒரு பெண் நெஞ்சு அடைக்கிறது என்று புறநோயாளிகள் பிரிவுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஈசிஜி எடுக்கிறார்கள், சரியாக இருக்கிறது. இரத்தப் பரிசோதனையும் சரி. "ஒன்றும் இல்லை, கேஸ் பிரச்சினை" என்று மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். அடுத்த மாதம் கைகால் மரத்துப்போகிறது என்று வருகிறார். அதற்கடுத்து தலை கிறுகிறுப்பு. வீட்டில் "இவளுக்கு எப்பவும் ஏதாவது ஒண்ணு" என்கிறார்கள். இவை தொடங்கிய வருடம் எது, அந்த வருடம் என்ன நடந்தது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவருக்கே அந்தத் தொடர்பு தெரியாமலும் இருக்கலாம்.

அவர் நடிக்கவில்லை. வலி உண்மை, மூச்சுத்திணறல் உண்மை. ஈசிஜியில் அகப்படவில்லை என்பதால் அது இல்லாமல் போய்விடாது.

"மனஉறுதி உள்ளவங்க தாங்கிக்குவாங்க" என்ற பேச்சும் நம்மிடம் உண்டு. இதே அந்தமானின் பழைய வரலாறு அதை மறுக்கிறது. அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் 1909-ல் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, போர்ட் பிளேர் செல்லுலார் சிறைக்கு அனுப்பப்பட்டவர் உல்லாஸ்கர் தத்தா. மரணத்துக்கு அஞ்சாத புரட்சியாளர். கடும் உழைப்பும் கைவிலங்கோடு நிற்கவைத்த தண்டனையும் காய்ச்சலும் சேர்ந்து 1912-ல் அவருடைய மனநிலையைக் குலைத்தன. தீவிலிருந்த மனநலக் காப்பகத்திலும், பிறகு சென்னையில் உள்ள காப்பகத்திலும் அவர் ஆண்டுக்கணக்கில் இருக்க நேர்ந்தது. அவரைக் கோழை என்று யாரும் சொல்ல முடியாது. தாங்கும் அளவு எவருக்கும் உண்டு. அதைத் தாண்டிச் சுமத்தினால் எவரும் முறிவார்.

முகாமில் இருந்தவரும் ஊரில் இருந்தவரும்

சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் மனநல மருத்துவர்கள் தீவுகளுக்கு வந்து பணியாற்றினார்கள். முதல் மூன்று மாதங்களில் பார்த்ததை வைத்து, சொந்தத் தீவை விட்டு இடம்பெயர்ந்து முகாம்களுக்கு வந்தவர்களையும், பாதிக்கப்பட்டாலும் சொந்த இடத்திலேயே இருந்தவர்களையும் அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2008-ல் அந்த ஆய்வு வெளியானது. இடம்பெயர்ந்தவர்களில் 5.2 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு. சொந்த இடத்தில் இருந்தவர்களில் 2.8 சதவீதம் பேருக்கு.

எண்ணைவிட அதன் உட்பிரிவுதான் நாம் கவனிக்க வேண்டியது. மனச்சோர்வும், பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனஅழுத்த நோயும் இரு தரப்பிலும் ஒரே அளவில் இருந்தன. இடம்பெயர்ந்தவர்களிடம் கூடுதலாக இருந்தவை திடீர்ப் பீதித் தாக்குதல், பதற்றம், உடம்பு உபாதைகள். அதாவது ஊரையும் உறவையும் விட்டுவந்த கூடுதல் பாரம் பெரும்பாலும் நெஞ்சிலும் மூச்சிலும் வயிற்றிலும்தான் வெளிப்பட்டது.

உயிர் தப்பியவர்களுக்கு என்ன கைகொடுத்தது? ஒட்டி வாழும் சமூகம், பொறுப்பெடுத்துக்கொண்ட ஊர்த் தலைவர்கள், வழிபாடு ஆகியவற்றை மருத்துவர்கள் குறிப்பிட்டார்கள். சொந்த இடத்தில் இருந்தவர்களும் இழப்பைச் சந்தித்தவர்கள்தான். ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் தெரிந்த முகங்கள். யார் போனார்கள், யார் மிஞ்சினார்கள் என்று விளக்கிச் சொல்லத் தேவையில்லாத மனிதர்கள்.

நடந்த சம்பவம் எவ்வளவு பெரியது என்பது மட்டுமே ஒருவருடைய பிற்கால உடல்நலத்தைத் தீர்மானிப்பதில்லை. அதற்குப் பிறகு அவர் யாரோடு, எங்கே, எப்படி வாழ வைக்கப்பட்டார் என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. முதலாவதை யாராலும் மாற்ற முடியாது. இரண்டாவது நம் கையில் இருக்கிறது.

வீடு வந்தது, குடும்பம் பிரிந்தது

நிகோபாரியர்கள் 'துஹேத்' எனப்படும் பெரிய கூட்டுக்குடும்பமாக வாழ்பவர்கள். நிலம், தென்னை, பன்றிகள், உழைப்பு எல்லாம் அந்தக் குடும்பத்துக்குப் பொது. சுனாமிக்குப் பிறகு முதலில் தகரக் கொட்டகைகள் வந்தன. வெப்பமண்டலத் தீவில் நடுப்பகலில் தகரத்துக்குக் கீழே இருப்பது எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. பின்னால் நிரந்தர வீடுகள் வந்தபோது அவை கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற சிறு குடும்பக் கணக்கில் கட்டப்பட்டன. நிவாரணப் பணமும் தனித்தனி ஆட்களுக்குப் போனது. கடலோரத்தில் வாழ்ந்தவர்கள் உள்ளே தள்ளிக் குடியமர்த்தப்பட்டார்கள். தாழையும் தேங்காயும் மீனும் இருந்த இடத்தில் ரேஷன் அரிசியும் சர்க்கரையும் வந்தன. மதுப்பழக்கம் கூடியது.

உதவும் எண்ணத்தோடுதான் எல்லாம் நடந்தன. இருந்தாலும் துயரத்தைத் தாங்கிப் பிடிக்கக்கூடிய பெரிய குடும்பத்தை அந்த உதவியே தளர்த்தியது. கார் நிகோபாரில் நிகோபாரியர்களிடம் நடத்தி 2011-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் பெரியவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அதை சுனாமியின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. உணவு, மது, உடலுழைப்பு, பரம்பரை என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் அவற்றில் முதல் மூன்றும் சுனாமிக்குப் பிறகு மாறியவை.

கிடைக்காத உடல்

தீவுகளில் பலருக்கு இன்னொரு பாரமும் இருந்தது. உறவினரின் உடல் கிடைக்கவே இல்லை. பிள்ளையைத் தேடிய தாய்க்கு ஒரு சான்றிதழ் கிடைத்தது, அடக்கம் செய்ய ஒன்றும் கிடைக்கவில்லை. அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ் இப்படி முடிவு தெரியாத இழப்புகளை 1970களிலிருந்தே ஆராய்ந்தவர். சடங்கு நடக்காத துக்கம் முடிவதில்லை, வேறு ஏதாவது தீவில் உயிரோடு இருக்கலாம் என்ற நினைப்பு விடாது. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நோய்ப் பட்டியல், நீண்ட நாள் தணியாத துக்கத்தைத் தனி நோயாகவே ஏற்றிருக்கிறது. நம் வீடுகளில் காரியம், பதினாறாம் நாள், திதி, கல்லறைத் திருநாள் என்று செய்பவை எல்லாம் அழுவதற்கு ஒரு நேரத்தையும் கூட அழ நாலு பேரையும் தருகின்றன. உடல் கிடைக்காவிட்டாலும் ஒரு படம் வைத்தோ, கடற்கரையில் மெழுகுவர்த்தி ஏற்றியோ அதைச் செய்வது வெறும் சம்பிரதாயம் இல்லை. உடல்நலத்துக்கும் தேவையான ஒன்று.

கச்சாலில் அடிமேல் அடி

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான கதை, நிகோபார் தீவுகளில் ஒன்றான கச்சாலில் இருக்கிறது. இலங்கை மலையகத் தோட்டத் தமிழர்களின் குடியுரிமை 1948-ல் பறிபோனது. 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால், பிறந்த மண்ணை விட்டு லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் சில குடும்பங்கள் 1970களில் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. தேயிலைக் கொழுந்து பறித்த குடும்பங்கள் ரப்பர்ப் பால் எடுக்கப் பழகி, ஒருவாறு வேரூன்றிய பிறகு 2004 வந்தது. நிகோபாரியரும் தமிழரும் மற்றவரும் வாழ்ந்த கச்சால், சுனாமியில் மிக அதிகமாக அழிந்த தீவுகளில் ஒன்று. 2001-ல் ஐயாயிரத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் சுமார் 2,700 ஆகியிருந்தது. பலர் இறந்தார்கள், பலர் விட்டுப் போனார்கள்.

நாடு போனது, தொழில் மாறியது, கடல் வந்தது. ஒரே தலைமுறைக்குள் மூன்று இழப்பு. "ஏற்கெனவே பட்டவங்க, இதையும் தாங்குவாங்க" என்று நினைப்பது தவறு. பெரும்பாலும் அதிர்ச்சி பழகிப்போவதில்லை, ஒன்றின்மேல் ஒன்றாகக் கூடுகிறது.

அப்படிக் கூடுவதை அளந்து காட்டியது அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் நடந்த ஓர் ஆய்வு. வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற இரு மருத்துவர்கள் 1998-ல் அதன் முதல் முடிவுகளை வெளியிட்டார்கள். மொத்தம் 17,000 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். சிறுவயதில் அடி, பாலியல் கொடுமை, வீட்டில் குடி, தாய்மீது வன்முறை, சிறைக்குப் போன உறவு போன்றவற்றில் எத்தனையை அனுபவித்தீர்கள் என்று கேட்டு, அந்த எண்ணிக்கையை இன்றைய உடல்நிலையோடு ஒப்பிட்டார்கள். எண்ணிக்கை ஏற ஏற இதயநோய், நுரையீரல் நோய், கல்லீரல் நோய் எல்லாம் படிப்படியாக ஏறின. நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு மதுவுக்கு அடிமையாவது, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து நான்கு முதல் பன்னிரண்டு மடங்கு.

இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். ஆபத்து கூடுகிறது என்பதற்கு நோய் நிச்சயம் என்று பொருள் இல்லை. உலகில் சுமார் 70 சதவீதம் பேர் வாழ்நாளில் ஏதாவது ஒரு பேரதிர்ச்சியைச் சந்திக்கிறார்கள், அவர்களில் 5.6 சதவீதம் பேருக்குத்தான் அது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனஅழுத்த நோயாக மாறுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மீள்வதுதான் பொதுவிதி.

எது உதவும், எது உதவாது

முதல் நாட்களில் தேவைப்படுபவை பாதுகாப்பான இடம், சாப்பாடு, குடும்பத்தோடு சேர்த்துவைப்பது, நம்பகமான செய்தி. நடந்ததை ஒரே அமர்வில் முழுதாகச் சொல்லவைத்து "கொட்டித் தீர்க்க" வைக்கும் முறை ஒரு காலத்தில் பிரபலமாக இருந்தது. அது பயன் தருவதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யலாம் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. சொல்ல வந்தால் கேளுங்கள், தோண்டாதீர்கள்.

தூக்கம் வரவில்லை என்று கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவதும் கூடாது. இவ்வகை மாத்திரைகள் பலவற்றுக்கு எளிதில் அடிமையாகிவிடலாம். அதிர்ச்சியின் விளைவை அவை குணப்படுத்துவதும் இல்லை.

ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, திடுக்கிடல், சில இடங்களைத் தவிர்ப்பது, எதிலும் பற்றின்மை ஆகியவை தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதற்கென்றே உருவான பேச்சுச் சிகிச்சைகள் உண்டு. பயந்த நினைவைப் பாதுகாப்பான சூழலில், துணையோடு, கொஞ்சம் கொஞ்சமாக அணுகி அதன் வீரியத்தைக் குறைக்கிறார்கள். தேவையானால் மருந்தும் உண்டு. சம்பவம் இருபது வருடப் பழையது என்பதால் சிகிச்சை பலிக்காது என்று இல்லை. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவை 2022 முதல் இலவசமாக இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

வேறு எந்த நோய்க்காக மருத்துவரிடம் போனாலும், நீங்களே ஒரு வரியைச் சேர்த்துச் சொல்லுங்கள்: "இன்ன வருஷம் இப்படி ஒண்ணு நடந்துச்சு, அதுக்கப்புறம்தான் இது ஆரம்பிச்சது." அந்த ஒரு வரி மருத்துவரின் யோசனையை மாற்றக்கூடும், தேவையில்லாத பரிசோதனைகளையும் குறைக்கும். அதே சமயம் நெஞ்சுவலி என்றால் இதயத்தை முதலில் பரிசோதித்தே ஆக வேண்டும். அதிர்ச்சியைக் கடந்தவர்களுக்கு இதயநோய் வாய்ப்பும் கூடுதல் என்பதால் "எல்லாம் மனசுதான்" என்று ஒதுக்குவது ஆபத்து.

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியதும் நிறைய. நேரத்துக்குத் தூக்கம், தினமும் நடை, மெதுவாக மூச்சை வெளியே விடும் பயிற்சி ஆகியவை உடம்பின் பதற்றத்தை நேரடியாகத் தணிப்பவை. டிசம்பர் நெருங்கும்போதோ, தரை லேசாக ஆடும்போதோ ஒருவர் பேச்சற்றுப் போனால் காரணம் கேட்டு நச்சரிக்காமல் பக்கத்தில் உட்காருங்கள்.

சுனாமி வந்தபோது பத்து வயதாக இருந்த பிள்ளைகள் இன்று முப்பதைத் தாண்டியிருக்கிறார்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் எட்டிப்பார்க்கும் வயது இது. தீவுகளின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இவர்களுக்கு இரத்த அழுத்தம் பார்க்கும் செவிலியர், தூக்கம் எப்படி, அந்தச் சமயத்தில் எங்கே இருந்தீர்கள் என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால் போதும்; பலருக்கு உரிய சிகிச்சை பல வருடம் முன்னதாகவே கிடைக்கும். அடுத்த புயலோ வெள்ளமோ வரும்போது, முகாமில் ஒரே தெருவைச் சேர்ந்தவர்களை ஒரே வரிசையில் தங்கவைப்பதையும், கூட்டுக்குடும்பத்துக்குக் கூட்டாக வீடு கட்டித் தருவதையும் மருத்துவச் செலவாகவே கணக்கில் எழுதலாம். நோய் வராமல் தடுக்கும் செலவு அது.